நாலு சக்கரத்துக்கு நாலு எலுமிச்சம்பழம்

நான் வாழ்க்கையில் முன்னுக்கு வந்ததெல்லாம் கூட்டமில்லாத வரிசையில் நின்றுதான். பெருமையாகச் சொல்லிக்கொள்ளும் விஷயம் இல்லை. ஆனால் அறுபத்தைந்து வயதுக்கு மேல் பொய் சொல்லி யாரிடம் நல்ல பெயர் வாங்கப் போகிறேன்?

பொறியியல் கல்லூரியில் சேரப் போனபோது எல்லோரும் மெக்கானிக்கல், எலெக்ட்ரிகல் என்று முட்டி மோதினார்கள். நான் செராமிக் கேட்டேன். மேஜைக்கு அந்தப் பக்கம் இருந்தவர் கண்ணாடியைக் கழற்றிவிட்டு, “நிஜமாத்தான் கேக்கறியாப்பா?” என்றார். படித்து முடித்த பிறகு, எல்லோரும் புதுப்புது கம்ப்யூட்டர் மொழிகளைத் தேடி ஓட, நான் கோபோல் என்ற கிழட்டு மொழியைக் கற்றுக்கொண்டேன். வகுப்பில் நானும் வாத்தியாரும் மின்விசிறியும் மட்டும். அந்தக் கோபோல்தான் 1991இல் என்னை நியூஜெர்சிக்குக் கூட்டிவந்தது. அப்புறம், இரண்டாயிரம் பிறந்தால் கம்ப்யூட்டர் எல்லாம் குழம்பிவிடும் என்று உலகமே பயந்த காலத்தில், பழைய கோபோல் புரோகிராம்களைத் திருத்த ஆள் கிடைக்காமல், அலுவலகத்தில் என்னைப் புது மாப்பிள்ளை மாதிரி கவனித்தார்கள். (கல்யாண விஷயத்திலும் இதே கொள்கைதானா என்று என் மனைவி சரசு கேட்பாள். அதற்குப் பதில் சொல்லித் தப்பித்த ஆண் எவனும் இல்லை என்பதால் நானும் சொன்னதில்லை.)

இந்தக் கொள்கையை என் மகள் தலையில் கட்டப் பார்த்து, ஊரே பார்க்க நான் அவமானப்பட்ட கதை இது.

1998ஆம் வருஷக் கோடை. வெஸ்ட் வின்ட்சரில் இருந்தோம். எங்கள் மகள் அபிராமிக்குப் பதினொரு வயது. வீட்டில் அபி. நாங்கள் தமிழில் கேட்டால் ஆங்கிலத்தில் பதில் சொல்லும் அமெரிக்கப் பிரஜை. எங்கள் அபார்ட்மென்ட் வளாகத்தில் இருந்த பிள்ளைகளில் பாதிப் பேர் வயலின் வாசித்தார்கள். மீதிப் பாதி அகராதியை மனப்பாடம் செய்து ஸ்பெல்லிங் போட்டிக்குப் போனார்கள். அபி எதிலும் இல்லை. பள்ளிக்கூட விளையாட்டு வகுப்பில் அணி பிரிக்கும்போது இவளைக் கடைசியாகத்தான் எடுப்பார்களாம். ஒருநாள் பிள்ளைகளின் எண்ணிக்கை ஒற்றைப்படையாகிவிட, இரண்டு அணியுமே இவளை விட்டுக்கொடுக்கப் பெருந்தன்மையோடு போட்டி போட்டிருக்கிறார்கள். அதை அவள் வீட்டில் சிரித்துக்கொண்டே சொன்னாள். அந்தச் சிரிப்பைப் பார்க்க எனக்குப் பிடிக்கவில்லை.

அப்படிப்பட்டவள் ஒருநாள் பள்ளியிலிருந்து எட்டாக மடித்த ஒரு காகிதத்தைக் கொண்டுவந்து என் தட்டுக்குப் பக்கத்தில் வைத்தாள். லூஜ் என்ற விளையாட்டுக்கு ஆள் தேடுகிறார்களாம். பத்திலிருந்து பதின்மூன்று வயது வரை. முன் அனுபவம் தேவையில்லை.

லூஜ் என்றால் என்னவென்று அந்த வருஷக் குளிர்கால ஒலிம்பிக்ஸை டிவியில் பார்த்தபோதுதான் எங்களுக்கே தெரியும். பனிக்கட்டியால் செய்த ஒரு வளைந்த வாய்க்கால். அதற்குள் ஒரு குட்டிச் சறுக்குவண்டி. ஆள் அதன்மேல் மல்லாக்கப் படுத்து, காலை முன்னால் நீட்டிக்கொண்டு, கார் வேகத்தில் கீழே போகவேண்டும். அவ்வளவுதான் விளையாட்டு.

“இதென்னுங்க இது, பாடைல வெச்சுக் கட்டியுட்ட மாதிரி போறாங்க?” என்று அப்போதே சரசு கேட்டிருந்தாள். (கோபிசெட்டிபாளையத்துக்காரி. மனதில் பட்டதைச் சொல்ல இரண்டாவது யோசனை கிடையாது.)

நான் காகிதத்தை இரண்டு முறை படித்தேன். இவ்வளவு பெரிய தேசத்தில் இந்த விளையாட்டுக்கான பனிப்பாதைகள் விரல்விட்டு எண்ணுகிற அளவுதான். ஆகவே தெருவில் விளையாடித் தேறிவருகிற பிள்ளைகள் என்று யாரும் இல்லை. பேஸ்பாலுக்கு ஊருக்கு ஊர் கூட்டம் அலைமோதும். இதற்கு நாய்கூட எட்டிப்பார்க்காது. அதனால் விளையாட்டை நடத்துகிறவர்களே கோடையில் சறுக்குவண்டிக்குச் சக்கரம் மாட்டி, ஊர் ஊராகப் போய், சரிவான தார்ச்சாலையில் பிள்ளைகளை உருட்டிவிட்டுப் பார்த்து, பத்துப் பதினைந்து பேரைப் பொறுக்கி எடுத்து, குளிர்காலத்தில் வடக்கே கூட்டிப்போய்ச் சொந்தச் செலவில் பழக்குகிறார்கள்.

எனக்கு உடம்பெல்லாம் சிலிர்த்தது. வாழ்நாளில் இவ்வளவு காலியான ஒரு வரிசையை நான் பார்த்ததில்லை.

மறுநாள் பிரின்ஸ்டன் ஜங்ஷனில் ரயிலுக்கு நிற்கும்போது வெங்கட்டிடம் சொன்னேன். சென்னைக்காரர், பக்கத்து பிளாக். அவருடைய பையன் ஸ்பெல்லிங், வயலின் இரண்டிலும் இருந்தான்.

“என்னங்க வேலு, இதெல்லாம் ஒரு கேமா? காலேஜ் அப்ளிகேஷன்ல போட்டா எவனுக்குப் புரியும்?”

“அதான் வெங்கட் பாயிண்டே. எவனுக்கும் புரியாது. எவனும் வரமாட்டான். கட்-ஆஃப் அடிமட்டத்துல இருக்கும்.”

வெங்கட் யோசித்தார். ரயில் வந்து ஏறி உட்கார்ந்த பிறகும் யோசித்தார். “என் பையனுக்குப் பதினாலு ஆயிடுச்சே” என்று நெஞ்சாரப் பெருமூச்சு விட்டார். அந்தப் பெருமூச்சே எனக்குப் பாதி வெற்றி.

‘முன் அனுபவம் தேவையில்லை’ என்று போட்டிருந்தார்கள் அல்லவா? அந்த வரியை நான் நம்பவில்லை. நம் ஊரில் எந்தத் தேர்வுக்கு அப்படிப் போட்டு, அனுபவமே இல்லாதவனை எடுத்திருக்கிறார்கள்? மற்ற அப்பாவிகளெல்லாம் அதை நம்பிச் சும்மா வருவார்கள். நாம் தயாராகப் போகலாம் என்று கணக்குப் போட்டேன்.

கார் மெக்கானிக்குகள் வண்டிக்கு அடியில் படுத்தபடி நுழைவதற்கு ஒரு சக்கரப் பலகை வைத்திருப்பார்கள். அதில் ஒன்று வாங்கிவந்தேன். எங்கள் வளாகத்துக் கார் நிறுத்துமிடம் குப்பை போடும் மூலையை நோக்கி லேசாகச் சரிந்திருக்கும். தினமும் அலுவலகம் விட்டு வந்ததும் அபியை அதில் படுக்கவைத்துத் தள்ளிவிடுவேன். கையில் ஸ்டாப்வாட்ச், கழுத்தில் விசில். நானும் கூடவே ஓடுவேன்.

“தலையத் தூக்கு! முன்னால பாரு! ரோட்டப் பாக்காம வண்டி ஓட்டற ஆள் எங்கயாச்சும் உண்டா?”

“அப்பா, டிவியில அவங்க தலையத் தூக்கல.”

“அவங்க சாம்பியன்ஸ். நீ பிகினர். தலையத் தூக்கு.”

மூன்று வாரம். நூலகத்திலிருந்து புத்தகம் எடுத்து நாற்பது கேள்வி பதில் தயாரித்தேன். லூஜ் வண்டியின் பாகங்கள் யாவை, பனிப்பாதையின் வளைவுகள் எத்தனை வகைப்படும், இப்படி. அபி அத்தனையையும் ஒப்பித்தாள். எதிர்த்து ஒரு வார்த்தை பேசவில்லை. நான் சொல்கிற எதற்கும் இப்படி உடன்படுகிறவள் இல்லை என்பது எனக்கு அப்போது உறைக்கவே இல்லை.

காரணம் தெரிந்தது தேர்வு நாளான சனிக்கிழமை காலையில், காரில் போகும்போது. இடம் வடக்கு நியூஜெர்சியில் மலைப்பாங்கான ஒரு சின்ன ஊர். ஃப்ரீவேயை விட்டு இறங்கி மேடேற ஆரம்பித்தபோது பின்சீட்டிலிருந்து குரல் வந்தது. அபூர்வமாகத் தமிழில்.

“அப்பா, வயலின் நீங்க சொன்னீங்க. டான்ஸ் அம்மா சொன்னாங்க. திஸ் ஒன், நான் கேட்டேன்.”

“ஆமா கண்ணு.”

“ஐ ரியலி வான்ட் திஸ். அதனால… ப்ராமிஸ் பண்ணுங்க. அங்க யார்கிட்டயும் பேசாதீங்க. எதையும் தொடாதீங்க. ஜஸ்ட் ஸ்டேண்ட் தேர்.”

பண்ணினேன். சத்தியமாகப் பண்ணினேன். சரசு சாட்சி.

அங்கே போனால் எனக்கு முதல் அதிர்ச்சி, கூட்டம். அறுபது பிள்ளைகளுக்குக் குறையாது. கட்-ஆஃப் எகிறுவதை என்னால் கண்ணால் பார்க்க முடிந்தது. சாலையை மறித்து, இரண்டு பக்கமும் வைக்கோல் கட்டுகளை அடுக்கியிருந்தார்கள். மேட்டில் மரத்தாலான ஒரு சாய்தளம். அதன்மேல் நான்கு சக்கரம் மாட்டிய சறுக்குவண்டிகள். உருண்டுவிடாமல் ஒவ்வொன்றின் முன்சக்கரங்களுக்கும் மரக்கட்டை முட்டுக்கொடுத்திருந்தார்கள். வழியில் கோன்கள்; அவற்றில் இடிக்காமல் வளைந்து போகவேண்டும். கீழே இன்னும் நிறைய வைக்கோல்.

பயிற்சியாளர் பெயர் டேல். வெயிலில் மூக்கு உரிந்த, ஒல்லியான மனிதர். அவர் பிள்ளைகளைப் பார்த்த விதம் அந்தியூர்ச் சந்தையில் மாடு பார்க்கிற விதம்தான். தோளைப் பார்த்தார், கையை நீட்டச் சொன்னார், கம்பியில் தொங்கச் சொன்னார், பந்தை எறியச் சொன்னார். பல்லைப் பிடித்துப் பார்க்காததுதான் பாக்கி.

நான் சத்தியத்தைக் காப்பாற்றினேன். பேசவில்லை. அவர் எங்கள் பக்கம் வந்தபோது ஃபைலை மட்டும் நீட்டினேன். (நீட்டுவது பேசுவதாகாது.) ரிப்போர்ட் கார்டு, தடுப்பூசிச் சான்றிதழ், தமிழ்ப் பள்ளியில் திருக்குறள் ஒப்பித்து வாங்கிய பரிசு, எல்லாவற்றுக்கும் நோட்டரி கையெழுத்துப் போட்ட நகல். டேல் ஒவ்வொரு பக்கமாகப் புரட்டினார். குறள் சான்றிதழில் வள்ளுவர் படத்தைக் கொஞ்ச நேரம் பார்த்தார்.

“இவர் உன் பயிற்சியாளரா?” என்று படத்தைக் காட்டி அபியிடம் கேட்டார்.

அபி என்னைப் பார்த்த பார்வையில் நான் இரண்டடி பின்னால் போனேன்.

அப்புறம் டேல் எல்லாப் பிள்ளைகளையும் உட்காரவைத்துப் பேசினார். “இங்கே யாருக்கும் எதுவும் தெரிந்திருக்க வேண்டாம். தெரியாமல் இருப்பதுதான் எங்களுக்கு வேண்டும். தெரிந்ததை மறக்கடிப்பதுதான் எங்களுக்குப் பெரிய வேலை. படுங்கள், உடம்பைத் தளர்த்துங்கள், தலையைப் பின்னால் சாயுங்கள், சும்மா இருங்கள். ஆளுக்கு இரண்டு முறை போகலாம். முதல் முறை பழக. இரண்டாவதைத்தான் குறித்துக்கொள்வோம்.”

சும்மா இருக்கவேண்டுமாம்! எங்கள் வீட்டில் சனிக்கிழமைதோறும் ‘இப்படிச் சும்மா படுத்துக் கிடக்கறயே, உருப்படுவியா?’ என்று நான் அபியைத் திட்டிய அத்தனை திட்டும் கண்முன் வந்துபோயிற்று. படுத்துக் கிடந்தே ஒலிம்பிக்ஸ் போகலாம் என்று எந்தத் தகப்பனுக்குத் தெரியும்?

அபியின் முறை வந்தது. ஹெல்மெட் மாட்டி, முட்டிக்கு உறை போட்டு, படுத்தாள். விட்டார்கள். பத்தடி போனதும் தலை தூக்கியது. நான் மூன்று வாரம் தண்ணீர் ஊற்றி வளர்த்த தலை. தலை தூக்கியதும் உடம்பு விறைத்தது, வண்டி ஒருபக்கம் இழுத்தது, முதல் கோன், மூன்றாவது கோன், நான்காவது கோன் எல்லாம் பறந்தன. கடைசியில் வைக்கோலில் போய் நின்றாள். அடி ஒன்றும் இல்லை.

டேல் கையிலிருந்த அட்டையில் ஏதோ எழுதிக்கொண்டு, “யாராவது உன்னைத் தலையைத் தூக்கச் சொன்னார்களா?” என்று கேட்டார். கேட்டது சாதாரணமாகத்தான். அபி என்னைக் காட்டிக்கொடுக்கவில்லை. “நோ” என்றாள்.

மேலே நடந்து வந்து எங்கள் பக்கத்தில் நின்றாள். ஹெல்மெட்டைக் கழற்றவில்லை. உள்ளே அழுகிறாள் என்று தெரிந்தது. “யூ டோல்ட் மீ டு லுக்” என்றாள். அவ்வளவுதான். போய்ப் பிள்ளைகளோடு உட்கார்ந்துவிட்டாள்.

அந்தக் குழந்தை இந்த ஊரில் வாய்விட்டுக் கேட்ட ஒரே பொருள் அது. அதைக் கெடுத்தது கோனும் இல்லை, வண்டியும் இல்லை. நான்.

இந்த நேரம் பார்த்துச் சரசு கைப்பையைத் திறந்தாள்.

“நான் காலைலயே சொன்னனுங்க. கேட்டீங்களா? புது வண்டி. இத்தன பேரு கண்ணு. ஒரு எலுமிச்சம்பழம் வெக்காம ஏத்தியுடலாமா?”

உள்ளே நான்கு எலுமிச்சம்பழங்கள். நாலு சக்கரத்துக்கு நாலு. புதுக் கார் வாங்கினால் சக்கரத்துக்கு ஒன்று வைத்து, நசுக்கிக்கொண்டு கிளம்புவது எங்கள் வழக்கம். என் கார் அப்படித்தான் ஷோரூமை விட்டு வந்தது. (விற்பனையாளர் சாறு தெறித்த பேன்ட்டோடு கைகாட்டி வழியனுப்பினார்.) ஆனால் காலையில் சரசு இதைச் சொன்னபோது, “அமெரிக்கால வந்து, ஒரு இன்ஜினியர் பொண்டாட்டி பேசற பேச்சா இது?” என்று அடக்கியிருந்தேன்.

இப்போது அந்த இன்ஜினியர் பேசாமல் கையை நீட்டினான். குற்ற உணர்ச்சி வந்துவிட்டால் மனிதன் எதையும் நம்புவான்.

இடைவேளை விட்டிருந்தார்கள். டேலும் மற்றவர்களும் மரத்தடியில் தண்ணீர் குடித்துக்கொண்டிருந்தார்கள். இரண்டாவது சுற்றுக்கு அபிக்கு ஏழாம் எண் வண்டி. சாய்தளத்தின் மேல் அது தனியாக நின்றது. நான் ஏதோ காலாற நடப்பவன்போல் ஏறினேன். பின்சக்கரம் இரண்டுக்கும் முன்னால் பழத்தை வைத்தேன். முன்சக்கரத்துக்கு வந்தால், பழம் வைக்கவேண்டிய இடத்தில் மரக்கட்டை இருக்கிறது.

ஆகவே மரக்கட்டைகளை உருவி எடுத்துவிட்டு, அந்த இடத்தில் எலுமிச்சம்பழங்களை வைத்தேன்.

மறுபடி சொல்கிறேன். நான் பொறியியல் பட்டதாரி. சரிவில் நிற்கும் வண்டியின் முட்டுக்கட்டையை எடுத்துவிட்டு, பதிலுக்கு எலுமிச்சம்பழம் வைத்தேன்.

பழங்கள் தங்களால் முடிந்தவரை தாக்குப்பிடித்தன. நான் கும்பிட்டுக் கண்ணைத் திறப்பதற்குள் பச்சக் பச்சக் என்று நான்கும் நசுங்கின. ஏழாம் எண் வண்டி என்னைத் தாண்டி நகர ஆரம்பித்தது.

அந்த நொடியில் நல்ல மனிதன் என்ன செய்திருப்பான்? கத்தியிருப்பான். நானோ ஈரோட்டுக்கும் கோபிக்கும் இடையே ஓடுகிற பஸ்ஸில் தாவி ஏறியே படித்து முடித்தவன். வண்டி கிளம்பிவிட்டது என்றால் என் காலுக்கு ஒன்றுதான் தெரியும். நாலு எட்டு ஓடினேன், தாவினேன். பஸ்ஸில் பிடிக்கக் கம்பி இருக்கும். இதில் இல்லை. உட்கார்ந்தேன், உட்கார்ந்த வேகத்தில் மல்லாக்க விழுந்தேன். சரியாக வண்டியின் மேல், கால் முன்னால், தலை பின்னால். மூன்று வாரம் சொல்லிக்கொடுத்து அபிக்கு நான் வராமல் செய்த ஆசனம் எனக்குத் தானாக வந்தது.

“ஐயோ, ஏனுங்க!” என்று சரசு அலறியது காதில் விழுந்தது. அது விரைவிலேயே தூரத்துக்குப் போனது.

கனமான பொருள் சரிவில் வேகமாகப் போகும் என்று இந்த விளையாட்டுப் புத்தகத்தில் படித்து, இருபத்தாறாம் கேள்வியாக நானே சேர்த்திருந்தேன். எண்பத்து மூன்று கிலோவில் அதன் விடை கிடைத்தது. தலையைத் தூக்குவதா? கண்ணையே திறக்கவில்லை. பயத்தில் உடம்பு முழுக்கத் துணிமூட்டை மாதிரி தொய்ந்துவிட்டது. முருகா என்று சொல்லக்கூட வாய் வரவில்லை. வானத்துக்கு முகத்தைக் காட்டியபடி, கண்ணை மூடி, கையைக் காலை ஒடுக்கி, ஒரு பிணத்தின் ஒழுக்கத்தோடு போனேன். பிறகு கேள்விப்பட்டேன், ஒரு கோன்கூட விழவில்லையாம்.

கீழே வைக்கோல் கட்டுகள் என்னை வரவேற்றன. ஒன்றை உடைத்துக்கொண்டு இரண்டாவதில் நின்றேன். ஒரு செருப்பு இன்றுவரை கிடைக்கவில்லை. பேன்ட் பின்பக்கம் கிழிந்திருந்ததைக் காற்று வந்து சொன்னது.

கண்ணைத் திறந்தால் சுற்றி நாற்பது தலைகள். வாக்கி டாக்கியோடு ஒரு அம்மாள். பாதுகாப்புப் பொறுப்பாளராம். முகத்தில் கடுகு வெடித்தது.

“ஹெல்மெட் இல்லை. கையெழுத்துப் போட்ட படிவம் இல்லை. ஒருவர் காயப்பட்டிருந்தால் விதிப்படி நிகழ்ச்சியை இத்தோடு நிறுத்தவேண்டும்” என்று டேலிடம் சொன்னார். அறுபது பிள்ளைகளும், அவர்களுடைய அப்பா அம்மாக்களும் என்னைப் பார்த்தார்கள். கூட்டத்துக்கு முன்வரிசையில் அபி. ஹெல்மெட்டைக் கையில் வைத்துக்கொண்டு, வெளுத்துப்போய் நின்றாள். இரண்டாவது சுற்றைத்தான் குறித்துக்கொள்வார்கள். அந்த இரண்டாவது சுற்றே இல்லாமல் போகப்போகிறது. அவளுக்கு மட்டும் இல்லை, அத்தனை பேருக்கும்.

துள்ளி எழுந்தேன். “நோ இஞ்சுரி! நத்திங்! ஐ ஆம் ஃபைன்!”

“முழங்காலை மடக்க முடிகிறதா?” என்று அந்த அம்மாள் சந்தேகமாகக் கேட்டார்.

கை தானாகக் காதுக்குப் போனது. வலது கையால் இடது காது, இடது கையால் வலது காது. வைக்கோல் ஒட்டிய தலையோடு, ஒற்றைச் செருப்போடு, கிழிந்த பேன்ட்டோடு, வடக்கு நியூஜெர்சியின் அந்த நடுச்சாலையில் நின்று தோப்புக்கரணம் போட ஆரம்பித்தேன். ஒன்று. இரண்டு. போடும்போது அபியையே பார்த்தேன். பிள்ளையார் முன்னால் அவளைப் பலமுறை போடவைத்திருக்கிறேன்; அது எதற்காகப் போடுவது என்று அங்கே இருந்தவர்களில் அவளுக்கும் சரசுவுக்கும்தான் தெரியும். மன்னிச்சுக்கோ கண்ணு என்று நாலு பேர் நடுவில் வாயால் சொல்லும் தைரியம் எனக்கு வந்திருக்காது. முட்டி சொல்லிற்று.

மூன்றாவதில் அபியின் உதடு லேசாக அசைந்தது. ஐந்தாவதில் பக்கத்திலிருந்த சிவப்புமுடிப் பையன் உரக்க எண்ண ஆரம்பித்தான். பத்தாவதில் எல்லாப் பிள்ளைகளும் எண்ணினார்கள். பன்னிரண்டோடு அந்த அம்மாள் கையைக் காட்டி நிறுத்தினார்.

“முழங்கால் நன்றாகத்தான் இருக்கிறது” என்று டேலிடம் சொல்லிவிட்டு, எனக்குச் சாலையோரம் ஒரு மடக்கு நாற்காலி போட்டார். “இங்கிருந்து எழுந்திருக்கக் கூடாது.”

டேல் ஏழாம் எண் வண்டியைத் தூக்கிச் சக்கரத்தை முகர்ந்து பார்த்தார். ஈரத்துணி கொண்டுவரச் சொல்லித் துடைக்கவைத்தார்.

இரண்டாவது சுற்று தொடங்கி, அபி படுத்தாள். எனக்குப் பார்க்கப் பயமாக இருந்ததால் மறுபடி கண்ணை மூடிக்கொண்டேன். சரசுதான் காதுக்குள் நேர்முக வர்ணனை கொடுத்தாள். “தலையத் தூக்குல… இன்னும் தூக்குல… ஒரு கோன் தாண்டிட்டா… ரெண்டு… ஏனுங்க, புள்ள தூங்கறாப்புல போகுதுங்க!” சக்கரச் சத்தம் எங்களைத் தாண்டிப் போயிற்று. கண்ணைத் திறந்தபோது அபி கீழே கால்களை ஊன்றி அழகாக நிறுத்தியிருந்தாள். ஒரு கோன்கூடச் சாயவில்லை.

டேல் அவளிடம் போய்க் குனிந்து கேட்டது எனக்கு நன்றாகக் கேட்டது. “முதல் முறைக்கும் இதற்கும் இவ்வளவு வித்தியாசம். என்ன செய்தாய்?”

அபி யோசிக்காமல் சொன்னாள். “என் அப்பா சொல்லிக்கொடுத்த எதையும் செய்யவில்லை. அவர் படுத்துக்கொண்டு போன மாதிரி போனேன்.”

டேல் திரும்பி, நாற்காலியில் கிடந்த என்னைப் பார்த்தார். அன்று முதல்முறையாக மரியாதையோடு தலையசைத்தார். பிறகு மற்ற பிள்ளைகளிடம் கையைக் காட்டி, “அந்த மனிதர் போனதைப் பார்த்தீர்கள் அல்லவா? அதுதான் தளர்வு” என்றார். ஒரு தேசத்தின் எதிர்கால வீரர்களுக்கு முன்மாதிரியாகக் காட்டப்பட்ட முதல் கோபோல் புரோகிராமர் அநேகமாக நான்தான்.

மூன்று வாரம் கழித்துக் கடிதம் வந்தது. அபியை எடுத்திருந்தார்கள். பிரித்துப் படித்துவிட்டு அவள் சமையலறையில் குதித்த குதியில் கீழ்வீட்டுக்காரர் மேலே வந்துவிட்டார். இரண்டு குளிர்காலம் வடக்கே போய் நிஜமான பனிக்கட்டியில் சறுக்கினாள். மூன்றாவது வருஷம் அடுத்த நிலைக்கு ஆள் குறைத்தபோது அவள் பெயர் இல்லை. அறுபது பேரிலிருந்து பன்னிரண்டு, பன்னிரண்டிலிருந்து மூன்று, மூன்றிலிருந்து சில சமயம் யாருமே இல்லை. அந்த வழி அப்படித்தான். அன்று அவள் அழுதாள். ஆனால் ஹெல்மெட்டுக்குள் ஒளிந்து அழவில்லை. அந்த வருஷம் பள்ளிக்கூடத்தில் அணி பிரிக்கும் வேலையையே இவளிடம் கொடுத்திருந்தார்கள்.

வீட்டில் என் நிலைமைதான் சரிந்தது. அன்றிலிருந்து நான் எந்த யோசனை சொன்னாலும், அது கார் லோனாக இருந்தாலும் கல்யாணமாக இருந்தாலும், அம்மாவும் பெண்ணும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டு கேட்பார்கள்: “சொன்ன மாதிரியா, படுத்த மாதிரியா?” மாப்பிள்ளை எங்கள் குடும்பத்துக்கு வந்து முதலில் கற்றுக்கொண்ட தமிழ் வாக்கியம் இதுதான்.

அந்தக் கடிதத்தின் கடைசியில், அடுத்த வருஷ முகாமுக்கான விதிகள் என்று சேர்த்திருந்தார்கள். அதில் ஒன்பதாவது விதி: பெற்றோர் சாய்தளத்தின்மேல் ஏறக் கூடாது. பத்தாவது விதி: சாய்தளத்தில் பழங்கள் கூடாது.

அபிக்கு இப்போது முப்பத்தேழு வயது. பிசியோதெரபிஸ்ட். கோடையில் அதே முகாமுக்குத் தன்னார்வலராகப் போய்ப் பிள்ளைகளைப் படுக்கவைக்கிறாள். போன வருஷம் என்னையும் கூட்டிப்போனாள். அதே மலைச்சாலை, அதே வைக்கோல். ஆரம்பிக்குமுன் பெற்றோரை நிறுத்தி விதிகளை வாசித்தாள். பத்தாவது விதிக்கு வந்ததும் எல்லோரும் சிரித்தார்கள். ஒருவர் கை தூக்கிக் காரணம் கேட்டார்.

“ஒருமுறை ஒரு சம்பவம் நடந்தது” என்றாள் அபி, முகத்தில் ஒரு சலனமும் இல்லாமல். என் பக்கம் திரும்பவே இல்லை.

எனக்குப் பக்கத்தில் ஒரு இளம் தாய் நின்றிருந்தாள். சற்றுமுன் கணவனிடம் தமிழில் பேசியதைக் கேட்டிருந்தேன். பத்தாவது விதியைக் கேட்டதும் அவள் கை மெதுவாகக் கைப்பைக்குப் போய், ஜிப்பைச் சத்தமில்லாமல் இழுத்து மூடியது.

நான் குனிந்து கேட்டேன். “எத்தனைம்மா, நாலா?”

திடுக்கிட்டுத் திரும்பினாள். சுற்றும் முற்றும் பார்த்துவிட்டு, குரலைத் தாழ்த்திச் சொன்னாள்.

“அஞ்சு அங்கிள். ஒண்ணு ஸ்பேர்.”